தமிழ் ஏவலும் கணினிப் பொறியும்

கணினி நேரே அறிவது எண்வடிவான ஏவல்களையே. மனிதன் எழுதும் செய்நிரலின் பொருளை அதற்கு உணர்த்த, இடைநின்று உதவும் பொறியொன்று வேண்டும். அஃது இரும்பாலாயதன்று, விதிகளால் ஆயது. ஆதலின் அதனை மெய்நிகர் பொறி என்பர். தமிழ்ச் செய்நிரலுக்கு அத்தகைய பொறியை ஆக்குமாறு ஈண்டு ஆராயப்படும்.

முத்து அண்ணாமலை என்பார் 'எழில்' என்னும் தமிழ்க் கணினிமொழியை உருவாக்கி, 2009ஆம் ஆண்டில் அதுபற்றி ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 'பதிப்பி 2 + 3' என அம்மொழியில் எழுதின், 5 என விடை தோன்றும். நிபந்தனையை முன்னே கூறி, 'ஆனால்' என்னும் சொல்லைப் பின்னே வைத்தல் அதன் விதி. ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ்ச் சொல்லை மாற்றி வைத்தலோடு அமையாது, தமிழ்த் தொடரின் இயல்பையும் தழுவியமை அதன் சிறப்பாகும்.

எழிலின் பொறி மூன்று படியாக இயங்கும். முதலில் எழுத்துக்களைச் சேர்த்துச் சொற்களைப் பிரித்தறியும். அடுத்து, சொற்கள் தம்முள் இயையும் முறையை மரவடிவில் அமைக்கும். பின்னர், கிளைதோறும் சென்று பொருளை நிறைவேற்றும். எழுத்து, சொல், பொருள் எனப் பகுத்துக் கற்ற நமக்கு இம்முறை அயலானதன்று.

இப்பொறி பைதன் என்னும் உயர்நிலை மொழியில் எழுதப்பட்டது. அதனால் ஆக்கம் எளிதாயிற்று, ஓட்டமோ மெதுவாயிற்று. காரணம் யாது? பைதனும் 'சி' மொழியில் எழுதிய மற்றொரு பொறியாலேயே பொதுவாக இயங்குகின்றது. தமிழில் ஒருவர் கூறியதைச் சிங்களத்திற் பெயர்த்து, அதனை ஆங்கிலத்தில் மீண்டும் பெயர்க்கும் சபையிற் காலம் நீளுமன்றோ? மும்மொழியும் வழங்கும் புத்தளம் மாவட்டத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

முழுவதையும் சி மொழியில் எழுதினால் என்னை எனின், வேகம் கிட்டும். ஆயின் நினைவகத்தை ஒதுக்குதல், விடுவித்தல் முதலிய நுண்பணிகள் தலைமேல் ஏறும். இலக்கணம் வகுக்க வந்தவன் கிட்டங்கிக் கணக்கப்பிள்ளையாவான்.

இவ்விடர் நீங்க, 2003ஆம் ஆண்டில் தொடங்கிய 'பைபை' என்னும் முயற்சி வழிகாட்டுகின்றது. அதன் கருவித்தொகுதிக்கு ஆர்பைதன் என்று பெயர். பைதனை வரையறைக்குட்படுத்திய அம்மொழியிற் பொறியை எழுதினால், ஒவ்வொரு பெயரும் எவ்வகைப் பொருளைக் குறிக்கும் என ஆய்ந்து, முழுவதையும் அக்கருவி சி மொழியாக்கித் தரும். பயன் தீர்ந்த நினைவகத்தை மீட்கும் பகுதியையும் தானே சேர்க்கும். ஆக்குவோன் சில குறிப்புகள் இட்டுவைப்பின், பன்முறை சுழலும் பகுதிகளை ஓட்டத்தின் இடையே இயந்திர ஏவல்களாக மாற்றும் ஆற்றலும் அமையும். இவ்வாறு இடைப்பட்ட மொழிபெயர்ப்பாளர் விலகுவர். எழுதுவோனுக்கு உயர்நிலை மொழியின் தெளிவு எஞ்சும்.

எழிலை அவ்வாறே இக்கருவியிற் செலுத்துதல் இயலாது. அதன் வரையறைக்கேற்பத் திருத்தி எழுதல் வேண்டும். தொடக்க மாணவனுக்கு இன்றைய வேகம் போதும். ஆயினும், தமிழிற் கணினி கற்றவன் பெரும்பணி வந்தவுடன் தமிழைக் கைவிட நேருமாயின், அக்கல்வி பாதிவழியில் நின்றதாகும். இலக்கணமும் கணிதமும் ஒருங்கே பயில்வோரே இப்பணிக்கு உரியர். கணினித்துறையில் விளங்கும் பழைய மாணவர் சிலர் இன்றைய மாணவரைக் கூட்டி, 'பதிப்பி' என்னும் ஓர் ஏவலுக்கேனும் இவ்வழியிற் பொறி ஆக்கிக் காட்டுவாராயின், இவ்விழாவுக்கு அது தக்க நினைவாகும்.