தறியும் தாய்மையும்

தாய்மார் நலம் பற்றிய ஆராய்ச்சி டாக்டர்களுக்கே உரியதென நம் அங்கத்தினர்கள் கருதலாகாது. அதன் சிறந்த பகுதியொன்று நூலும் துணியும் நெய்தோர் குடும்பங்களிலேதான் தொடங்கியது.

1928-ல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில டாக்டர் அம்மையார் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணியாலைத் தொழிலாளர் குலத்துக் கர்ப்பவதிகள் கடும் இரத்தசோகையால் வருந்தினர். உணவு குன்றிய ஏழையில்லங்களிலேயே அந்நோய் மிகுதியென அவர் கண்டார். குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931-ல் சென்னை கோஷா ஆஸ்பத்திரியிலும் அவரது ஆராய்ச்சி தொடர்ந்தது. திருவல்லிக்கேணியிலுள்ள அது இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப்படுகிறது. ஈஸ்ட் சத்து உண்ட தாய்மார் தேறினர். அதிலிருந்த மருந்து யாது? 1941-ல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட போலிக் அமிலமே அது எனப் பின்னர் தெளிவாயிற்று.

இதனால் நாம் அறியவேண்டுவது யாது? இரத்தம் குறைந்த தாய்க்குப் பிரசவத்தின்பின் நேரும் உதிரப்போக்கு எளிதில் உயிராபத்தாகும். ஆகவே கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் 180 நாட்களும், பிரசவத்தின்பின் 180 நாட்களும் இரும்பும் போலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையை நாள்தோறும் உட்கொள்ளுதல் வேண்டும். அரசாங்க சுகாதார நிலையங்களில் அது இலவசமாகவே கிடைக்கிறது. பிரசவித்தவுடன் மாத்திரையை நிறுத்திவிடுதல் தவறு. உதிரம் மிகுந்தாலோ தாமதமின்றி 108 வண்டியை அழைக்கவேண்டும்.

கீரையும் பச்சைப்பயறும் இச்சத்து நிறைந்தவை. கீரையை நெடுநேரம் வேகவைத்து நீரைக் கொட்டினால் சத்தும் உடன் போய்விடும். வண்டலூர் வட்டாரத்தில் கீரை பயிரிடும் அங்கத்தினர்கள் சந்தைக்குக் கட்டு கட்டுமுன், வீட்டிலுள்ள கர்ப்பவதிக்கென ஒரு பிடியை எடுத்துவைப்பார்களாக.