ஒளி நினைவும் இருள் நினைவும்

வரலாறு என்றதும் மன்னர்களும் போர்களுமே நம் நினைவிற்கு வருகின்றன. சாதாரண மக்களின் வாழ்வை அறிய வேண்டுமாயின், அக்காலத்தவர் எழுதி வைத்த நினைவு நூல்களையே நாட வேண்டும். ஆனால் நினைவுகள் தம்முள் முரண்பட்டால் எதை நம்புவது? ஸ்காட்லாந்தைப் பற்றிய இரு நூல்கள் இவ்வினாவை எழுப்புகின்றன.

ஸ்காட்லாந்தின் வடகோடியில் உள்ளது சதர்லாந்து. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கிருந்த பிரபுக் குடும்பம், தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வந்த குடியானவர்களைப் பள்ளத்தாக்குகளிலிருந்து வெளியேற்றி, நிலங்களை ஆட்டுப் பண்ணைகளாக்கியது. மக்கள் கடலோரத் துண்டு நிலங்களுக்கும் அயல்நாடுகளுக்கும் சென்றனர்.

1853இல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் அம்மையார் பிரிட்டனுக்குச் சென்றார். 'டாம் மாமாவின் குடிசை' என்ற நாவலால் அடிமைகளுக்காக உலகையே கண்கலங்க வைத்தவர் அவர். சதர்லாந்துக் கோமகள் அவருக்கு விருந்தளித்துப் போற்றினார். மறு ஆண்டு வெளிவந்த 'அயல்நாடுகளின் ஒளிமிகு நினைவுகள்' என்ற நூலில், பண்ணை நிர்வாகி தந்த விவரங்களைக் காட்டி, நடந்தது முன்னேற்றமே என அம்மையார் வாதிட்டார்.

இதை மறுத்தவர் டொனால்டு மெக்லவுட் என்னும் கல்தச்சர். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கில் ரோசல் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். தாம் கண்ட கொடுமைகளை 1840 முதலே எடின்பரோ பத்திரிகை ஒன்றில் கடிதங்களாக எழுதினார். பின்னர் கனடாவில் குடியேறி, 1857இல் 'இருண்ட நினைவுகள்' என்ற நூலை வெளியிட்டார். தலைப்பே ஒரு பதிலன்றோ!

மெக்லவுட் சொன்ன அனைத்தையும் அப்படியே ஏற்கலாமா? ஓர் இரவில் குன்றின்மேல் ஏறி, எரியும் வீடுகள் 250 என எண்ணியதாக அவர் எழுதுகிறார். அவர் மிகைப்படுத்தினார் எனக் கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. வெளியேற்றத்தை நடத்திய பேட்ரிக் செல்லர் மீது தொடரப்பட்ட வழக்கில், 1816இல் அவர் குற்றமற்றவர் என்றே தீர்ப்பாயிற்று. எனினும் 1962இல் ரோசலில் அகழாய்வு நடந்தபோது, நீண்ட வீடுகளின் அடித்தளங்களும் தானியம் உலர்த்தும் சூளையும் வெளிப்பட்டன. அங்கே ஓர் ஊர் வாழ்ந்தது என்பதற்கு மண்ணே சாட்சி சொல்கிறது.

ஆய்வுக்கூடத்தில் ஒரே அளவீட்டை நம்பி நாம் முடிவெழுதுவதில்லை. நூல்களுக்கும் அந்த விதி பொருந்தும். தொலைவிலுள்ள அடிமைக்காக உருகிய நல்லுள்ளமே, விருந்தளித்தவர் வீட்டுக் குறையைக் காணத் தவறியது. எனவே ஒரு நினைவு நூலைக் கையில் எடுக்கும்போது, எழுதியவர் எங்கே நின்று பார்த்தார் என்று முதலில் கேட்போம்: மாளிகையின் சாளரத்திலா, எரியும் கூரையின் முன்னிலா?