கர்ப்பத்தின் கணக்கும் காப்பீட்டின் கணக்கும்

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நாளில் நாம் கையொப்பமிடும் தாள்களுள் ஒன்று, சிகிச்சைச் செலவைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரும் விண்ணப்பம். பணம் தீர்ந்ததும் அதை மறந்துவிடுகிறோம். ஆனால் யாருக்கு, எந்த நாளில், என்ன காரணத்துக்காக, எந்தச் சிகிச்சை அளிக்கப்பட்டது என்ற செய்தி குறியீடுகளாக நிலைத்துவிடுகிறது. இத்தகைய பல இலட்சம் பதிவுகளைப் பெயர் நீக்கித் தொகுத்து, ஒவ்வொரு கர்ப்பமும் எவ்வாறு முடிந்தது என்பதை ஆய்வாளர்கள் கண்டறிகின்றனர். அம்முறையையும், அதன் குறைகளையும், அதில் நம் குடும்பங்களுக்குள்ள பங்கையும் இங்கே காண்போம்.

இந்த ஆய்வு எதற்கு?

புதிய மருந்துகளைச் சோதிக்கும்போது கர்ப்பிணிகளைப் பெரும்பாலும் சேர்ப்பதில்லை. எனினும் வலிப்பு, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் உள்ள பெண்கள் கருவுற்ற காலத்திலும் மருந்து உட்கொண்டாக வேண்டும். தாலிடோமைடு என்ற மருந்து 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்தது. 1961-இன் இறுதியில் அது அங்கே திரும்பப் பெறப்பட்டது. அதனால் உலகெங்கும் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் கை கால் குறைபாடுகளுடன் பிறந்ததாக மதிப்பிடப்படுகிறது. அத்தகைய தீங்கை முன்கூட்டியே உணர, மருந்து உட்கொண்ட தாய்மாரின் கர்ப்பம் எவ்வாறு முடிந்தது என்று தெரிய வேண்டும். அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா ஆகிய நாடுகளில் இதற்குக் காப்பீட்டுப் பதிவுகள் பயன்படுகின்றன.

எவ்வாறு கண்டறிகின்றனர்?

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்க் குறியீட்டுப் பட்டியலின் பத்தாம் பதிப்பில் ஒவ்வொரு முடிவுக்கும் தனி எண் உண்டு. கருப்பைக்கு வெளியே தங்கிய கரு ‘ஓ 00’. தானாக நிகழ்ந்த கருச்சிதைவு ‘ஓ 03’. ஒரு குழந்தை உயிருடன் பிறந்தால் ‘இசட் 37.0’, இறந்து பிறந்தால் ‘இசட் 37.1’. இவற்றைக் கணினி தேடி எடுக்கிறது. ஒரே பெண்ணுக்கு மிகக் குறுகிய இடைவெளியில் இரு பிரசவங்கள் பதிவாகியிருந்தால், ஒன்றே இருமுறை பதிவாகியிருக்கலாம் என்று கொண்டு சரிசெய்கின்றனர்.

கர்ப்பம் தொடங்கிய நாளை அறிவதுதான் கடினம். கடைசி மாதவிடாய் நாள் காப்பீட்டு விண்ணப்பத்தில் பொதுவாக இடம்பெறுவதில்லை. எனவே கர்ப்ப வாரம் குறிக்கப்படாதபோது, பிரசவ நாளிலிருந்து ஏறத்தாழ 39 வாரங்கள் பின்னோக்கி எண்ணுகின்றனர். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தால் இக்கணக்கு பிழையாகும். குழந்தையின் உறுப்புகள் பெரும்பாலும் முதல் 12 வாரங்களில் உருவாகின்றன. அக்காலத்தில் உட்கொண்ட மருந்து, பிந்தைய மாதங்களில் உட்கொண்டதாகக் கணக்கில் ஏறிவிடும்.

விடுபடுவது எது?

நெசவுக் குடும்பங்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை. கூலிக் கணக்கில், கூலி வழங்கப்பட்ட சேலைகளே ஏறும். தறியிலேயே கெட்டுப்போன சேலைக்குச் செலவான உழைப்பு அதில் ஏறாது. காப்பீட்டுப் பதிவும் அத்தகையதே. பணம் கோரப்படாத நிகழ்ச்சி அதில் இல்லை. இரண்டாம் மாதத்தில் வீட்டிலேயே கலைந்த கரு அதில் இடம்பெறாது. அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி நடைபெறும் பிரசவங்களும் பல நேரங்களில் இடம்பெறுவதில்லை.

நம் ஊரில் வேறு இரு காரணங்களும் உண்டு. திருமணத்துக்குப் பின் பெண்ணின் பெயர் தந்தையின் குடும்ப அட்டையிலிருந்து கணவரின் அட்டைக்கு மாறுகிறது, முதலெழுத்தும் மாறலாம். அடுத்து, தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது வழக்கம். பரிசோதனைகள் காஞ்சிபுரத்திலும் பிரசவம் ஆரணியிலோ வந்தவாசியிலோ நடந்தால், ஒரே பெண்ணின் பதிவுகள் இரண்டாகப் பிரிந்து நிற்கும். தமிழ்நாடு அரசு 2008 முதல் நடத்திவரும் ‘பிக்மி’ பதிவு இக்குறையைத் தீர்க்க உதவுகிறது. கர்ப்பிணிக்கு வழங்கப்படும் ஆர்.சி.எச். எண் அவர் எங்கே சென்றாலும் உடன் செல்லும்.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

“இது முதல் கர்ப்பமா?” என்று நாங்கள் கேட்கும்போது, உடன் வந்தோரை எண்ணிச் சிலர் “ஆம்” என்றே சொல்லிவிடுகின்றனர். முன்பு ஏழாம் மாதத்தில் ஒரு குழந்தையை இழந்த செய்தி பின்னரே தெரியவருகிறது. அதை முன்பே அறிந்திருந்தால் கண்காணிப்பை வேறு வகையில் அமைத்திருப்போம். தனியே பேச விரும்பினால் செவிலியரிடம் தெரிவியுங்கள். அதற்கு வழி செய்வோம்.

1. கடைசி மாதவிடாயின் முதல் நாளைக் குறித்து வையுங்கள். முதல் ஸ்கேன் அறிக்கையைப் பாதுகாத்து வையுங்கள்.

2. வீடு திரும்பும்போது தரப்படும் மருத்துவச் சுருக்கத்தில் கர்ப்பம் எத்தனை வாரத்தில், எவ்வாறு முடிந்தது என்பது எழுதப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ‘பிரசவம்’ என்று மட்டும் இருந்தால், முழுமையாக எழுதித் தருமாறு கேளுங்கள்.

3. கருச்சிதைவு ஏற்பட்டால் வீட்டோடு விட்டுவிடாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். தாயின் இரத்தம் ஆர்.எச். நெகட்டிவ் வகையாயின் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். அடுத்த குழந்தையைக் காக்கும் ஊசி அது.

4. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் பணிபுரியும் பெண்கள் அறிய வேண்டியது: சட்டப்படி கருச்சிதைவுக்கு ஊதியத்துடன் 6 வார விடுப்பு உண்டு. அதற்கு மருத்துவச் சான்று வேண்டும்.

5. 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் இறந்து பிறந்த குழந்தைக்கும் இடமுண்டு. 21 நாட்களுக்குள் அது பதிவாக வேண்டும்.

ஒரு கர்ப்பம் நல்லபடியாக முடிந்தாலும் துயரில் முடிந்தாலும் அது அந்தத் தாயின் உடல் வரலாற்றில் ஒரு பகுதி. இழப்பைச் சொல்வதும் எழுதி வைப்பதும் வேதனையானவை என்பதை அறிவோம். ஆயினும், அப்பதிவு அடுத்த முறை அவரைக் கவனிக்கும் மருத்துவருக்கு வழிகாட்டும். அதே மருந்தை உட்கொள்ளவிருக்கும், நாம் அறியாத இன்னொரு தாய்க்கும் அது காவலாகும்.