மலைக்குப் போகும் தாத்தாவின் நுரையீரல்

பள்ளி விடுமுறைக்குக் கேமரன் மலைக்குப் போகிறீர்கள். தாத்தாவும் உடன் வருகிறார். பல ஆண்டுகள் புகைபிடித்ததால் அவருக்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உண்டு. வீட்டில் நன்றாக நடமாடுபவர், தானா ராத்தா விடுதியின் படிகளில் பாதியிலேயே நின்று மூச்சு வாங்குகிறார். ஏன்?

‘மலையில் உயிர்வளி குறைவு’ என்பீர்கள். அது பாதிதான் சரி. எங்கும் காற்றில் உயிர்வளி ஏறத்தாழ 21 விழுக்காடுதான். உயரத்தில் குறைவது காற்றழுத்தம். கடல்மட்டத்தில் அது 760 மில்லிமீட்டர் பாதரசம். அதில் உயிர்வளியின் பங்கு சுமார் 160. 1,500 மீட்டர் உயரத்தில் மொத்த அழுத்தம் ஏறக்குறைய 635, உயிர்வளியின் பங்கு 133. இந்த அழுத்தமே உயிர்வளியை நுரையீரலின் நுண்ணறைகளிலிருந்து இரத்தத்துக்குள் தள்ளுகிறது.

பிறகு உங்களுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? காரணம் ஹீமோகுளோபினின் குணம். இரத்தத்தில் உயிர்வளியின் அழுத்தம் 100இலிருந்து 70க்கு இறங்கினாலும், ஹீமோகுளோபின் 94 விழுக்காடு அளவுக்கு நிறைந்தே இருக்கும். 60இல் அது 90 ஆகும். அதற்குக் கீழே சரிவு செங்குத்து; 40இல் 75தான். வரைபடத்தில் இது மேசைபோல் தட்டையாகச் சென்று, விளிம்பு தாண்டியதும் சரியும். நீங்கள் மேசையின் நடுவில் இருக்கிறீர்கள். நுண்ணறைகளின் சுவர்கள் சிதைந்த தாத்தா, வீட்டில் இருக்கும்போதே விளிம்புக்கு அருகில் இருக்கக்கூடும்.

அதனால் அவர் மலைக்கே போகக்கூடாது என்பதில்லை. புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இன்ஹேலர் கையில் இருக்கட்டும், காரின் பின்பெட்டியில் அல்ல. முதல் நாள் ஓய்வு; ஸ்ட்ராபெரி தோட்டம் மறுநாளும் அங்கேதான் இருக்கும். குளிர்காற்று மூச்சுக்குழாயை இறுக்கும் என்பதால் மூக்கைத் துணியால் மூடிக்கொள்ளலாம். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், விரல் சில்லிட்டிருந்தால் தவறாகக் காட்டக்கூடும். கையைச் சூடாக்கிய பிறகு அளந்து பாருங்கள்.

வீட்டில் உயிர்வளி உருளை பயன்படுத்துபவராயின், மலையில் எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும். நீங்களாகக் கூட்டாதீர்கள். இந்நோயாளிகள் சிலருக்கு உயிர்வளி மிகுந்தால் இரத்தத்தில் கரிவளி தேங்கி, மயக்கநிலை வரை போகும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், நீலம் பாய்ந்த உதடு, குழப்பமான பேச்சு இவற்றில் எதைக் கண்டாலும் உடனே 999ஐ அழையுங்கள்.

இன்னொன்று. விமானத்தின் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் உள்ள அளவுக்குக்கூட இறங்கலாம். அது தானா ராத்தாவைவிட உயரம். தாத்தா விமானமேறிச் சென்னைக்குப் போக நினைத்தாலும் மருத்துவரிடம் இதே கேள்வியைக் கேட்க வேண்டும்.