திருவாதவூரரும் கண் மருத்துவரும்

கல்வியால் உயர்ந்து, பதவியும் பொருளும் பெற்ற பின்னும் சிலர் உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இதுகாறும் செய்த தொழிலையே தொடர்வதா, வேறு வழி செல்வதா என்பதே அது. பொறியாளர், வங்கி மேலாளர், கணினித் துறையினர் எனப் பலரும் இவ்வினாவைச் சுமந்து திருக்கோயிலுக்கு வருகின்றனர். அவர்கட்கு விடை கூறும் இரு வாழ்வுகள் மதுரை மண்ணிலேயே உள்ளன.

மேலூரை அடுத்த திருவாதவூரில் தோன்றியவர் மணிவாசகப் பெருமான். அரிமர்த்தன பாண்டியனின் அமைச்சராய், 'தென்னவன் பிரமராயன்' எனும் பட்டம் பெற்று விளங்கினார். குதிரை வாங்க அரசன் அளித்த பொருளுடன் சென்றவர், இன்று ஆவுடையார்கோயில் என வழங்கும் திருப்பெருந்துறையில், குருந்த மரத்தடியில் குருநாதரைக் கண்டார். உள்ளம் உருகியது, கொண்டு சென்ற பொருள் திருப்பணிக்கு ஆயிற்று.

இம்மாற்றம் எளிதில் நிகழ்ந்ததாகத் திருவிளையாடற் புராணம் கூறவில்லை. நரி பரியாயிற்று, பரி மீண்டும் நரியாயிற்று, வாதவூரர் வையையின் சுடுமணலில் நிறுத்தப்பெற்றார். இறைவனே வந்தியின் பிட்டுக்கு மண் சுமந்து பிரம்படி பட்ட பின்னரே அரசன் உண்மை உணர்ந்தான். ஆவணி மூலத் திருவிழாவில் அன்பர்கள் கண்டு தொழுவது இதனையே. அருள் பெற்ற அடியாரிடமும் அரசன் பொருளுக்குக் கணக்குக் கேட்கப்பட்டது. எனில், இல்லறத்தார் தம் கடனையும் கடமையையும் எண்ணாது பதவி துறத்தல் தகுமா?

இனி, நம் காலத்தவர் ஒருவர். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் 1918-இல் பிறந்தவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி. மகப்பேறு மருத்துவராக விழைந்து இராணுவ மருத்துவப் பணியிலிருந்த அவரை முடக்குவாதம் வீழ்த்தியது. விரல்கள் கோணின. 1948-இல் அப்பணியினின்று விடுவிக்கப்பெற்றார். விரும்பிய துறை கைநழுவவே, கண் மருத்துவம் கற்று, கோணிய விரல்களால் கத்தி பிடிக்கப் பழகினார். மதுரை அரசு மருத்துவமனையிலும் மருத்துவக் கல்லூரியிலும் கண் மருத்துவத் துறைக்குத் தலைமை பூண்டார். ஊர்ப்புறங்களில் கண் மருத்துவ முகாம்கள் நடத்தினார். 1973-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

1976-இல் ஓய்வு பெற்றார். பிறர் ஓய்வு நாடும் அவ்வகவையில், தங்கை நாச்சியார், அவர்தம் கணவர் நம்பெருமாள்சாமி முதலிய குடும்பத்தார் துணையுடன், பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பொருளுடையார் செலுத்தும் கட்டணம் பொருளற்றார் சிகிச்சைக்கும் உதவும் முறையை வகுத்தார். கண்ணுள் பொருத்தும் வில்லையை மலிவாகச் செய்யும் ஆலை 1992-இல் மதுரையில் எழுந்தது. 2006-இல் அவர் மறைந்தார். அவர் தொடங்கிய பணி இன்றும் தொடர்கிறது.

இவ்விரு வாழ்வினின்றும் மூன்று தெளிவு பெறலாம்.

ஒன்று: சலிப்பு தொழிலின் மீதா, அது யார்க்குப் பயன்படுகிறது என்பதன் மீதா என ஆராய்க. வெங்கடசாமி மருத்துவத்தை விடவில்லை. அதன் பயன் சென்றடையும் எல்லையை விரித்தார்.

இரண்டு: கற்ற திறன் வீணாவதில்லை. அரசவையில் பயின்ற செந்தமிழே திருவாசகமாய்ப் பெருகியது. அரசுப் பணியில் பழகிய கையே ஏழையர்க்குக் கண்ணொளி தந்தது.

மூன்று: மாற்றம் ஒரு நாளில் விளைவதன்று. ஓய்வுக்கு முன்னரே முகாம்களில் அம்மருத்துவர் தம் வழியைக் கண்டிருந்தார். பதவியில் இருக்கும்போதே சிறு அளவில் செய்து பார்த்தலும், இல்லத்தாருடன் கலந்து எண்ணுதலும், கடன் தீர்த்தலும் அறிவுடைமையாம்.

இவ்வாறு ஆராய்ந்தபின், "இருக்கும் பணியே எனக்குரியது" எனத் தெளியினும் அதுவும் நன்றே. அதனை முன்னினும் பற்றுடன் ஆற்றலாம். பதவி நம்மை விட்டு ஒரு நாள் நீங்கும். பிறர்க்குப் பயன்பட்ட பணியோ நீங்காது நிற்கும். அங்கயற்கண்ணி அம்மையும் ஆலவாய் அண்ணலும் அன்பர்கட்கு அத்தெளிவை அருள்வார்களாக.