இறாலுக்கும் ஒரு தரச் சான்று

நாம் வெட்டியெடுக்கும் பால், ஆலையினின்று கட்டியாக வெளியேறும்போது தரக் குறியுடன் செல்வதை அறிவோம். 1965ஆம் ஆண்டில் அறிமுகமான எஸ்.எம்.ஆர். முறைப்படி, ரப்பரில் கலந்துள்ள அழுக்கை அளந்து தரம் பிரிக்கின்றனர். இறாலின் நிலையோ வேறு. அது வளர்ந்த குளம் எக்காட்டை அழித்து வெட்டப்பட்டது, அங்கு உழைத்தவருக்கு உரிய ஊதியம் கிட்டியதா என்பதைத் தட்டிலுள்ள இறாலைப் பார்த்து எவரும் கூற இயலாது. ஆகவே, வளர்க்கும் முறையையே சோதித்துச் சான்று வழங்கும் ஏற்பாடுகள் தோன்றின.

நம் நாட்டில் மீன்வளத் துறை வழங்கும் 'மைகேப்' சான்று அவற்றுள் ஒன்று. அனைத்துலக அளவில், 2010இல் நிறுவப்பட்ட 'ஏ.எஸ்.சி.' எனும் மன்றம் 2014இல் இறாலுக்கான நெறிகளை வெளியிட்டது. 1999 மே மாதத்திற்குப் பின் கண்டல் காட்டை அழித்து அமைத்த குளத்திற்கு அம்மன்றத்தின் சான்று கிடையாது. மீன் குஞ்சுகளும் நண்டுகளும் வளரும் தொட்டில் அக்காடு. அது அழிந்தால் கடலோர மீனவரின் வலையும் வெறுமையாகும்.

நோய் எதிர்ப்பு மருந்துகளைக் குளத்தில் இடுவதும் தடுக்கப்பட்டுள்ளது. இது வீண் கண்டிப்பன்று. 'குளோராம்பெனிகால்' எனும் மருந்து, அரிதாகவே எனினும், எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடக் கூடியது. 2016 ஏப்ரலில், இம்மருந்தும் 'நைட்ரோஃபியூரான்' வகை மருந்துகளும் காணப்பட்டமையால், தீபகற்ப மலேசியாவின் இறாலைச் சோதனையின்றியே தடுத்து நிறுத்தலாமென அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. சிலர் செய்த குறுக்கு வழியால் நேர்மையான வளர்ப்பாளரும் இடருற்றனர்.

தொழிலாளராகிய நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய பகுதியும் உண்டு. குழந்தைத் தொழிலும் கட்டாய வேலையும் கூடா. சங்கம் சேரும் உரிமையைத் தடுத்தல் ஆகாது. வேலை நிபந்தனைகளைத் தொழிலாளி அறிந்திருத்தல் வேண்டும். முதலாளியைச் சாராத சோதனையாளர், கணக்கேடுகளைப் பார்ப்பதோடு தொழிலாளரையும் வினவுவர். முன்னறிவித்து வரும் நாளில் எல்லாம் சீராகவே தோன்றும் என்னும் ஐயம் நமக்கும் உண்டு! ஆயினும் சான்று மூன்றாண்டுகளுக்கே செல்லும். இடையில் ஆண்டுதோறும் சோதனை நடைபெறும்.

செலவுதான் பெருந்தடை. இரண்டொரு குளங்களை வைத்திருப்போர் தனித்து அதைத் தாங்குவது கடினம். ஆதலின் சிறு வளர்ப்பாளர் குழுவாய் இணைந்து சான்று பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது. சந்தையில் நிறுத்து விற்கும் இறாலில் முத்திரை எதுவும் இராது; அது வந்த குளத்திற்கு மைகேப் சான்று உண்டா என விற்பவரிடம் கேட்டறியலாம்.