பிப்பாவுக்கு எவ்வளவு சேறு?

தம்பி அனுப்பிய போட்டோவைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். ஒரு சாண் நீள பிளாஸ்டிக் மாடல் டாங்கி, மேலே கீழே எங்கு பார்த்தாலும் ஆரஞ்சுத் துரு! காரைக்காலில் வளர்ந்த கண் அப்படித்தான் பூசும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், மொட்டை மாடிக் கொடிக்கம்பி என்று எதையும் உப்புக்காற்று விட்டுவைப்பதில்லை. இரும்பு என்றாலே துரு என்று நமக்குப் பழகிப்போச்சு.

ஆனால் தம்பி, உன் டாங்கி நின்றது நம் கடற்கரையில் இல்லையே. பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இது எந்த மண்ணில், எந்த மாசத்தில் நின்றது?

உன் கையில் இருப்பது பி.டி.-76. சோவியத் தயாரிப்பு, சுமார் 14 டன், தண்ணீரில் மிதந்து போகும். அதனால்தான் நம் ஜவான்கள் அதற்கு ‘பிப்பா’ என்று பெயர் வைத்தார்கள். பஞ்சாபிக்காரர்கள் நெய் டின்னை அப்படித்தான் சொல்வார்கள். 1971 நவம்பர் 21 காலை, இன்றைய வங்கதேசத்தில் ஜெசூர் பக்கம் கரிப்பூர் என்ற ஊரில், கண் தெரியாத மூடுபனியில், 45ஆம் கேவல்ரியின் 14 பிப்பாக்களும், பஞ்சாப் ரெஜிமென்ட்டின் 14ஆம் பட்டாலியனும் பாகிஸ்தானின் சாஃபி டாங்கிகளை எதிர்கொண்டு முறியடித்தன. முழுப்போர் தொடங்கவே அப்போது இன்னும் 12 நாள் இருந்தது. 2023இல் ‘பிப்பா’ என்று ரஹ்மான் இசையில் படமாகவும் வந்ததே, அதே கதைதான்.

ஆக, உனக்கு வேண்டியது பாலைவனப் புழுதியும் இல்லை, துறைமுகத் துருவும் இல்லை. ஆற்றுப்படுகை வயல் சேறு. அதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நெடுங்காடு பக்கம் உழுதுவிட்டு ரோட்டில் ஏறும் டிராக்டரை ஒரு தடவை நின்று பார். சக்கரத்தின் உள்பக்கம் அப்பியிருக்கும் களிமண் இன்னும் ஈரமாய்க் கறுப்பாக இருக்கும். மட்காப்பின் ஓரத்தில் அதே மண் காய்ந்து சாம்பல் நிறமாகியிருக்கும். டிரைவர் கால் வைத்து ஏறும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து பளபளக்கும். டாங்கியும் அப்படித்தான். கீழே கனமாக, மேலே போகப்போக மெல்லிசாக. பீரங்கிக் குழாயில் சேறு பூசாதே, அது வயலில் புரளவில்லை.

சேறு செய்ய வாய்க்கால் களிமண்ணை எடுத்து, வாணலியில் நன்றாக வறுத்து (பழைய வாணலி, அம்மாவுடையது இல்லை), இடித்து, மல்துணியில் சலித்துக்கொள். வறுப்பது எதற்கென்றால் மண்ணுக்குள் இருக்கும் பூச்சி முட்டையும் ஈரமும் போவதற்கு. ஃபெவிகால், கொஞ்சம் தண்ணீர், மண்ணின் நிறத்தில் அக்ரிலிக் பெயின்ட் சேர்த்துக் குழை. மண் நைசாக இருக்க வேண்டும் என்று நான் கத்துவதற்குக் காரணம் கணக்கு: 1/35 அளவில் ஒரு மில்லிமீட்டர் மணல், நிஜத்தில் 35 மில்லிமீட்டர் ஜல்லி. கரிப்பூர் வயலில் ஜல்லிக்கு என்ன வேலை? கடற்கரை மணலையும் அப்படியே எடுத்துப் போடாதே. அதில் இருக்கும் உப்பு நம் ஊர் ஈரத்தை இழுத்து, நாலு மாசத்தில் வெள்ளை பூத்து நிற்கும். வேண்டுமென்றால் மூன்று தண்ணீரில் அலசிக் காயவைத்து எடு.

இன்னொன்று. நவம்பரில் நம் சம்பா வயல் பச்சைப்பசேலென்று இருக்கும். அங்கே ஆமன் நெல் அப்போது முற்றி அறுப்புக்கு வந்திருக்கும். நம் வயலைப் பார்த்துப் பச்சை நட்டால் போச்சு. வைக்கோல் நிறம், அறுத்த தாள் கட்டை, இதுதான் சரி. பூந்துடைப்பத்தின் நுனி அல்லது பிரித்த தேங்காய் நார், நறுக்கினால் கச்சிதமாக நிற்கும்.

பெயின்ட்டுக்கு வருகிறேன். கிட்டின் சட்டத்தை முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவு. அச்சில் தடவிய எண்ணெய் அதில் ஒட்டியிருக்கும், பெயின்ட் பிடிக்காது. பிறகு பிரைமர். அடிப்படைப் பச்சையை டப்பாவில் இருக்கிறபடி அடிக்காமல் ஒரு துளி வெளிர்மஞ்சள் கலந்து அடி. சின்ன பொருளில் அசல் நிறம் எப்போதும் இருண்டு தெரியும்.

நம் ஊரில் ஸ்ப்ரே வார்னிஷ்தான் பெரிய வில்லன். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட் வார்னிஷ் அடித்தால் காற்றில் இருக்கும் ஈரம் அதற்குள் மாட்டி, டாங்கி முழுக்கப் பால் தெளித்த மாதிரி வெளுத்துவிடும். ஒரு மாச வேலையை நான் அப்படித்தான் பத்து நிமிஷத்தில் கெடுத்தேன். வெயில் நன்றாக அடித்து, கொடியில் துணி சீக்கிரம் காயும் நாளாகப் பார்த்து, பதினொரு மணிக்கு மேல் அடி. கொடித்துணியை விட நல்ல ஈரமானி எனக்குத் தெரிந்து இல்லை. சித்திரை வெயிலில் இதற்கு நேர்மாறான தொல்லை: பெயின்ட் காற்றிலேயே காய்ந்து மாவு மாதிரி உட்காரும். அப்போது கொஞ்சம் கிட்டே வந்து அடி.

அடுத்து வாஷ், அதாவது இடுக்குகளில் அழுக்குப் படிந்தது காட்டும் நீர்த்த பூச்சு. இதில் அவசரம் கூடாது. அக்ரிலிக் மேல் முதலில் பளபள வார்னிஷ் ஒரு பூச்சு, அது ஒருநாள் முழுக்கக் காயட்டும். ஆர்ட்டிஸ்ட் ஆயில் பெயின்ட்டில் பர்ன்ட் அம்பர் எடுத்து, டர்பன்டைனில் டிக்காஷன் மாதிரி நீர்க்கக் கலந்து, போல்ட்டைச் சுற்றியும் மூலைகளிலும் மட்டும் தொட்டு வை. முழு உடம்பையும் குளிப்பாட்டாதே. அரை மணி கழித்து, டர்பன்டைனில் லேசாக நனைத்த பட்ஸால் மேலிருந்து கீழாகத் துடை, மழைத்தண்ணீர் வழிகிற திசையில். இதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு செய்யாதே. தலை சுற்றினால் அது பசி இல்லை, தின்னர் ஆவி.

துருவே கூடாது என்று சொல்லவில்லை. புகைபோக்கி வாய், செயின் தகடுகளின் பள்ளம், அவ்வளவுதான். அதற்கு வெளிநாட்டு பிக்மென்ட் டப்பா வாங்க வேண்டாம். கோலத்துக்குக் காவி போடுகிறோமே, அதுவும் இரும்புத் துருதான், இரும்பு ஆக்சைடு. கட்டியை உப்புத்தாளில் தேய்த்துப் பொடியாக்கி உலர்ந்த பிரஷால் தடவு. செயினில் தரையைத் தொடும் முகத்தில் 6பி பென்சிலைத் தேய், இரும்பு மின்னும்.

பெயின்ட் உரிந்த மாதிரி காட்டக் கல் உப்பு வைத்தியம் ஒன்று உண்டு. அடிநிறத்தின் மேல் தண்ணீர் தொட்டு, பொடித்த உப்பைத் தூவி, காய்ந்ததும் பச்சை அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிட்டால் திட்டுத்திட்டாக வரும். வேதாரண்யம் உப்பு இத்தனை கிட்டத்தில் கிடைக்கும்போது ஆசை வரத்தான் செய்யும். பிப்பாவுக்கு வேண்டாம். அது ஓடிக்கொண்டிருந்த வண்டி, கைவிட்ட வண்டி இல்லை. வேறொன்றில் செய்து பார்த்தால், கடைசியில் நல்ல தண்ணீரில் கழுவிவிடு.

பள்ளத்தில் தண்ணீர் தேங்கியது காட்ட ரெசின் ஊற்றினால் இரண்டு மூன்று மில்லிமீட்டராகப் பல தடவை ஊற்று, கையுறை போட்டுக்கொள், உடனே மூடிவை. என்னுடையதில் ஒரு கொசு விழுந்து கெட்டியாகிவிட்டது. அந்த அளவில் அது மைனா மாதிரி கிடக்கிறது.

முடிந்ததைக் கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு வை. பீரோவில் போடும் பூச்சி உருண்டை பக்கத்திலேயே வரக்கூடாது. அதன் ஆவி பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

நவராத்திரிக்கு இதைக் கொலுவில் வைக்க அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். படியில் செட்டியாருக்குப் பக்கத்தில் கேட்காதே, நடக்காது. கீழே பார்க்கில் இடம் தருவாள். கேழ்வரகு முளைக்குத் தண்ணீர் தெளிக்கும் நேரத்தில் மட்டும் டாங்கியைத் தூக்கிவிடு.